எஸ்பி1 பிணைவதற்கும் படியெடுத்தல் தொடங்குவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது?

ஈரிழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை நுண்ணுயிரியல் இறுதியாண்டு மாணவி. எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸின் முற்பருவ மரபணுக்களை இயக்கும் புரோமோட்டரை, அதாவது ஆர்.என்.ஏ. எங்கே, எவ்வளவு தொடங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. பகுதியைப் பற்றி ஒரு சிறிய ஆய்வை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எஸ்பி1 என்னும் புரதம் அந்தப் புரோமோட்டரின் ஜி.சி. பெட்டிகளில் (ஜி, சி காரங்கள் மிகுந்த குறுந்தொடர்களில்) பிணைந்து படியெடுத்தலை, அதாவது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தொடங்கிவைக்கிறது என்று எல்லாப் பாடநூல்களிலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிகள் ஆர்.என்.ஏ. தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 70 முதல் 110 கார இணைகள் தள்ளி இருக்கின்றன. எஸ்பி1 ஒரு நொதியும் அன்று. இழைகளைப் பிரிப்பதும் இல்லை, நியூக்ளியோடைடுகளைக் கோப்பதும் இல்லை. அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தால் ஆர்.என்.ஏ.வைக் கோக்கும் நொதியான பாலிமரேஸை எப்படி வேலை செய்ய வைக்க முடிகிறது?

கேள்வி எழக் காரணம் எங்கள் சோதனைதான். எஸ்பி1 புரதத்தின் கடைக்கோடியில் இருக்கும் மூன்று துத்தநாக விரல்களை (டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதிகளை) மட்டும் ஈ. கோலையில் உற்பத்தி செய்து, ஜி.சி. பெட்டியுள்ள டி.என்.ஏ. துண்டுடன் கலந்து ஜெல் ஷிஃப்ட் (புரதம் பிணைந்த டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்வதைக் காட்டும் சோதனை) பார்த்தோம். பட்டை தெளிவாக மேலேறியது, குறியிடாத அதே துண்டை மிகுதியாகச் சேர்த்தபோது மறைந்தது, ஜி.சி. பெட்டியைச் சிதைத்த துண்டைச் சேர்த்தபோது மறையவில்லை. ஆகவே பிணைப்பு உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் அதே துண்டுப் புரதத்தை ஹீலா என்ற மனிதச் செல்களுக்குள் வெளிப்படுத்தி, எஸ்.வி.40 புரோமோட்டருக்குப் பின்னால் ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவை வைத்துப் பார்த்தால், ஒளி கூடவில்லை, சற்றுக் குறைந்தது. டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (செல்லுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்துவது) சரியாக நடந்திருக்காது, திரும்பச் செய் என்கிறார்கள். வேறு காரணம் இருக்க முடியுமா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்குழல் எழுதியது:

உங்கள் டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. விரல்கள் மட்டும் உள்ள எஸ்பி1 துண்டு அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். அது டி.என்.ஏ.வில் இடத்தைப் பிடிக்கிறது, ஆனால் இடத்தைப் பிடித்தபின் செய்ய வேண்டிய வேலைக்கான உறுப்பு அதனிடம் இல்லை. ஹீலா செல்களில் முழுமையான எஸ்பி1 ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. 1983இல் டைனனும் ராபர்ட் ஜியானும் இந்தப் புரதத்தைக் கண்டறிந்ததே ஹீலா சாற்றிலிருந்துதான். உங்கள் துண்டு அந்த முழுப் புரதத்தோடு ஜி.சி. பெட்டிகளுக்காகப் போட்டியிட்டு, வேலை தெரிந்ததை வெளியேற்றிவிட்டு அங்கே சும்மா இருக்கிறது. ஒளி குறைந்ததற்கு அதுவே போதுமான விளக்கம்.

இனி, 70 கார இணை தள்ளி இருப்பது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு எஸ்பி1ஐச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடக்கப் புள்ளியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. தூய்மைப்படுத்திய ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2க்குப் புரோமோட்டர் எது என்றே தெரியாது. வெட்டுப்பட்ட இடங்களிலும் இழையின் முனைகளிலும் அது கண்டபடி தொடங்கும். 1979இல் ராபர்ட் ரோடரின் ஆய்வகத்தார் அடினோவைரஸின் முதன்மைப் பிற்பருவப் புரோமோட்டரை எடுத்து, பாலிமரேஸுடன் செல் சாற்றையும் சேர்த்தபோதுதான் சோதனைக் குழாயில் சரியான இடத்திலிருந்து ஆர்.என்.ஏ. தொடங்கியது. அடுத்த ஆண்டே அந்தச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றல்ல, பல காரணிகள் தேவை என்று காட்டினார்கள். இன்று நாம் டி.எஃப்.2-ஏ, பி, டி, இ, எஃப், எச் என்று சொல்லும் பொதுக் காரணிகளின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. செல்லின் அடிப்படை இயந்திரத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு வைரஸ் புரோமோட்டர் என்பது தற்செயல் அன்று. வைரஸ் புரோமோட்டர்கள் குறுகியவை, வலிமையானவை, அன்று எளிதில் தூய்மைப்படுத்திக் கையில் எடுக்கக் கிடைத்தவை.

அந்தப் புரோமோட்டரில் ஆர்.என்.ஏ. தொடங்கும் இடத்துக்குச் சுமார் 30 கார இணைகள் முன்னால் டாட்டா பெட்டி என்ற குறுந்தொடர் இருக்கிறது. அதில் பிணையும் டி.பி.பி. என்ற புரதம் டி.எஃப்.2-டி என்ற பெரிய கூட்டின் ஒரு உறுப்பு. 1993இல் பர்லி குழுவும் சிக்லர் குழுவும் டி.பி.பி. டி.என்.ஏ.வோடு சேர்ந்திருக்கும் படிக அமைப்பை வெளியிட்டன. பர்லி குழு எடுத்துக்கொண்டது இதே அடினோவைரஸ் டாட்டா பெட்டியைத்தான். சேணம் போன்ற அந்தப் புரதம் டி.என்.ஏ.வின் சிறுபள்ளத்தின்மீது அமர்ந்து, பெட்டியின் இரு முனைகளிலும் ஃபினைல்அலனின் பக்கச்சங்கிலிகளைக் கார இணைகளுக்கு நடுவே செருகி, அந்த இடத்தில் டி.என்.ஏ.வை ஏறத்தாழ 80 பாகை வளைத்துவிடுகிறது. வளைந்த அந்த அமைப்பைப் பற்றிக்கொண்டு டி.எஃப்.2-பி வருகிறது. அதன்பின் டி.எஃப்.2-எஃப் உடன் பாலிமரேஸ் வருகிறது. கடைசியில் டி.எஃப்.2-இ, டி.எஃப்.2-எச் இரண்டும் சேர்கின்றன. இழைகளைப் பிரிக்கும் வேலை டி.எஃப்.2-எச் உடையது, ஏ.டி.பி.யைச் செலவழித்து டி.என்.ஏ.வை உந்தித் திறக்கும் உறுப்பு அதில்தான் இருக்கிறது.

இந்தக் கூட்டம் தானாகவே கூடும். ஆனால் மெதுவாகவும் அரிதாகவும் கூடும். எஸ்பி1 போன்றவை செய்வது அதை அடிக்கடி கூட வைப்பதுதான். 1990இல் பியூவும் ஜியானும் செய்த சோதனை இங்கே முக்கியம். தனி டி.பி.பி.யை மட்டும் கொடுத்தால் அடிப்படை அளவில் படியெடுத்தல் நடந்தது, ஆனால் எஸ்பி1 சேர்த்தும் கூடவில்லை, டி.எஃப்.2-டி கூட்டை முழுதாகக் கொடுத்தபோதுதான் எஸ்பி1இன் பலன் தெரிந்தது. ஆகவே எஸ்பி1 தொடுவது டி.பி.பி.யோடு கூட்டில் இருக்கும் வேறொரு உறுப்பை என்ற முடிவுக்கு வந்தார்கள். எஸ்பி1இன் குளூட்டமின் மிகுந்த பகுதி, இன்று டி.ஏ.எஃப்.4 என்று அழைக்கப்படும் உறுப்பைத் தொடுவதாகப் பின்னர் 1993இல் காட்டப்பட்டது. எஸ்பி1க்கும் டாட்டா பெட்டிக்கும் இடையே உள்ள டி.என்.ஏ. வளைந்து கொடுப்பதால், தூரம் பெரிய தடையாக இருப்பதில்லை.

இந்தத் தொடுகை பெரிய அளவில் வலிமையாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 37 பாகை செல்சியஸில் ஒரு மோலுக்கு 1.4 கிலோகலோரி அளவுக்கு நிலைப்பு கூடினாலே, பிணைப்பின் சமநிலை பத்து மடங்கு நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளின் கணக்குத்தான் அது. ஜி.சி. பெட்டி எஸ்.வி.40இல் ஆறு முறை வருவது ஏன் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எஸ்.வி.40 பற்றி இன்னொன்று. 1981இல் பெனுவாவும் ஷாம்போனும் அந்தப் புரோமோட்டரின் டாட்டா பெட்டியை நீக்கிப் பார்த்தபோது படியெடுத்தல் நின்றுவிடவில்லை, ஆர்.என்.ஏ. பல இடங்களிலிருந்து சிதறித் தொடங்கியது. மாறாக, மேலே இருக்கும் 72 கார இணை மீள்தொடரை எடுத்தபோதுதான் முற்பருவ வெளிப்பாடு விழுந்தது. எங்கே தொடங்குவது என்பதை டாட்டாவும், எவ்வளவு அடிக்கடி தொடங்குவது என்பதை மேலே பிணையும் புரதங்களும் முடிவு செய்கின்றன என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இதை வைத்துத்தான். அந்த 72 கார இணைத் தொடர்தான் அதே ஆண்டு ஷாஃப்னர் குழுவினரின் கையில் முயலின் பீட்டா குளோபின் மரபணுவை 200 மடங்கு உயர்த்தி, திசை மாற்றி வைத்தாலும் தூரமாக வைத்தாலும் வேலை செய்து, என்ஹான்சர் என்ற கருத்துக்கே வழிவகுத்தது.

பேஜ்வாசி எழுதியது:

நுண்குழல் சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆனால், பிணைவது வேறு, தூண்டுவது வேறு என்பதற்கு மிகத் தூய்மையான சான்று விலங்கு வைரஸ்களில் இல்லை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான லாம்டா பேஜில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாலூட்டிச் செல்லில் எத்தனையோ காரணிகள் இருப்பதால், ஒன்றை மாற்றினால் இன்னொன்று குறுக்கே வரும். பாக்டீரியாவில் இந்தத் தொல்லை குறைவு.

லாம்டாவின் சி1 புரதத்தை ஒடுக்கி என்றே பலர் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அதுவே தன் சொந்த மரபணுவை இயக்கும் பி.ஆர்.எம். புரோமோட்டரைத் தூண்டவும் செய்கிறது. சி1 பிணையும் டி.என்.ஏ. இடங்களான ஆபரேட்டர்களில் இரண்டாவதில் அமரும் சி1 இரட்டை, பாலிமரேஸ் பற்றும் −35 பகுதியை ஒட்டியே அமர்ந்திருக்கும். 1982இல் டாஷ்னேயின் ஆய்வகத்திலிருந்து ஒரு வகைத் திரிபுகள் வெளிவந்தன. அந்தத் திரிபுப் புரதங்கள் ஆபரேட்டரில் ஒழுங்காகப் பிணைந்தன, எதிர்த்திசைப் புரோமோட்டரை ஒழுங்காக ஒடுக்கின, ஆனால் பி.ஆர்.எம்.ஐத் தூண்டவில்லை. மாறியிருந்த அமினோ அமிலங்கள் டி.என்.ஏ.வைப் பார்த்த பக்கத்தில் இல்லை. பாலிமரேஸைப் பார்த்த பக்கத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று 38ஆவது இடத்தில் இருக்கும் அஸ்பார்டிக் அமிலம். 1994இல் இதன் மறுபாதியும் கிடைத்தது. பாலிமரேஸின் சிக்மா உறுப்பில் 596ஆவது இடத்தின் ஆர்ஜினினை ஹிஸ்டிடினாக மாற்றினால், 38இல் குறையுள்ள சி1 புரதமும் மீண்டும் தூண்டத் தொடங்கியது. ஒரு பக்கத்தில் செய்த மாற்றத்தை எதிர்ப்பக்கத்து மாற்றம் சரிக்கட்டுவதைவிட, இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதற்கு மரபியலில் வேறு என்ன சான்று வேண்டும்?

ஓர் இடத்தில் மட்டும் நுண்குழலிடமிருந்து விலகுகிறேன். ‘அடிக்கடி கூட வைப்பது’ என்பது எல்லாத் தூண்டிகளுக்கும் பொருந்தாது. பி.ஆர்.எம்.இல் ஹாலியும் மெக்லூரும் 1982இல் வேகங்களை அளந்தபோது, சி1 பாலிமரேஸை வரவழைக்கும் படியை மாற்றவே இல்லை. வந்து அமர்ந்த பாலிமரேஸ் இழைகளைத் திறக்கும் படியைத்தான் ஏறத்தாழ பத்து மடங்கு விரைவுபடுத்தியது. லாம்டாவின் இன்னொரு தூண்டியான சி2 இரண்டு படிகளையும் விரைவுபடுத்துகிறது. ஒரே பேஜுக்குள்ளேயே இரண்டு வழிகள். ஆகவே, தூண்டி பாலிமரேஸை அழைத்து வருகிறதா, வந்ததைத் திறக்க வைக்கிறதா என்று ஒவ்வொரு புரோமோட்டருக்கும் தனித்தனியாகவே கேட்க வேண்டும்.

ஈரிழை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. விரல்கள் மட்டும் உள்ள துண்டு போட்டியாளராக வேலை செய்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதிலிருந்து ஒரு கிளைக் கேள்வி. டி.என்.ஏ.வைப் பிடிப்பதும் தூண்டுவதும் ஒரே புரதத்தின் தனித்தனிப் பகுதிகள் என்றால், இரண்டும் வெவ்வேறு புரதங்களில் இருந்தாலும் வேலை நடக்க வேண்டும் அல்லவா? ஹெர்ப்பிஸ் வைரஸின் வி.பி.16 தனியாக டி.என்.ஏ.வில் பிணைவதில்லை என்றும், ஆனாலும் அதுவே மிக வலிமையான தூண்டி என்றும் படித்தேன். அப்படியானால் அது தன் புரோமோட்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உட்கரு எழுதியது:

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். வைரஸ் செல்லுக்குள் நுழையும்போதே வி.பி.16ஐக் கையோடு கொண்டுவருகிறது. உறைக்கும் உட்கூட்டுக்கும் நடுவே உள்ள டெக்யுமென்ட் அடுக்கில் அது நிறைய இருக்கும். வைரஸின் எந்த மரபணுவும் படியெடுக்கப்படுவதற்கு முன்பே தூண்டி தயாராக இருக்கிறது என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் நீங்கள் சொன்னதுபோல டி.என்.ஏ.வைப் பிடிப்பதற்கு அது செல்லின் இரண்டு புரதங்களை நம்பியிருக்கிறது. முதலில் எச்.சி.எஃப்.-1 என்ற புரதத்துடன் சேர்கிறது. பிறகு அந்த இணை, டி.என்.ஏ.வில் அமர்ந்திருக்கும் ஆக்ட்-1 புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வைரஸின் உடனடி மரபணுக்களின் புரோமோட்டர்களில் டி.ஏ.ஏ.டி.ஜி.ஏ. என்று தொடங்கும் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும். அதன் முன்பாதியை ஆக்ட்-1 பிடிக்கிறது, பின்பாதி வி.பி.16 சேர்ந்த கூட்டுக்கு மட்டும் பொருந்துகிறது.

இங்கே நுணுக்கம் என்னவென்றால், ஆக்ட்-1 செல்லின் சொந்த மரபணுக்களிலும் அமர்கிறது. ஹிஸ்டோன் 2பி மரபணுவின் புரோமோட்டர் ஓர் எடுத்துக்காட்டு. அங்கெல்லாம் வி.பி.16 போய் ஒட்டிக்கொண்டால் வைரஸுக்கு என்ன பயன்? தொடரின் பின்பாதி அங்கே இல்லாததால் கூட்டு நிலைப்பதில்லை. ஆக்ட்-2 என்ற நெருங்கிய உறவுப் புரதமும் இருக்கிறது. அதே தொடரில் அதுவும் பிணையும், ஆனால் வி.பி.16 அதை ஏற்பதில்லை. இரண்டிலும் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் ஹோமியோ பகுதியையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த இரு குழுக்கள், 22ஆவது இடத்தில் ஆக்ட்-1இல் குளூட்டமிக் அமிலமும் ஆக்ட்-2இல் அலனினும் இருப்பதே பெருமளவு காரணம் என்று 1992இல் காட்டின. டி.என்.ஏ.வைத் தொடும் பக்கத்தில் இல்லாத ஒற்றை அமினோ அமிலம்தான் வைரஸ் யாரைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதை முடிவு செய்கிறது.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கும் நேரடி விடை உண்டு. வி.பி.16இன் 490 அமினோ அமிலங்களில் கடைசி 80 அளவுக்கு அமிலத்தன்மை மிகுந்த தூண்டும் பகுதி. 1988இல் சடோவ்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, ஈஸ்ட்டின் கால்4 புரதத்தின் பிணைப்புப் பகுதியுடன் ஒட்டினார்கள். கால்4 பிணையும் தொடரை எந்தப் புரோமோட்டருக்கு அருகில் வைத்தாலும் அந்தக் கலப்புப் புரதம் பாலூட்டிச் செல்களில் அதைப் பெருமளவில் தூண்டியது. அது டி.எஃப்.2-பி, டி.எஃப்.2-எச், தூண்டிகளையும் பாலிமரேஸையும் இணைக்கும் மீடியேட்டர் கூட்டு எனப் பலவற்றைத் தொடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. இவற்றில் எது முதன்மையானது என்று கேட்டால், மீடியேட்டர் என்பேன். மற்ற தொடுகைகள் பெரும்பாலும் தூய புரதங்களை மிகுதியாகக் கலந்து பார்த்தவை.

தூண்டும் திறனை மட்டும் இழந்த ஒரு வைரஸ் திரிபும் உண்டு. அதன் வி.பி.16 வைரஸ் துகளைக் கட்டும் வேலையைச் செய்யும், படியெடுத்தலைத் தூண்டாது. அந்த வைரஸைக் குறைந்த அளவில் செல்களுக்குக் கொடுத்தால் தொற்று பெரும்பாலும் எடுபடுவதில்லை. செல்லுக்குப் பல துகள் என்ற கணக்கில் கொட்டினால் எடுபடுகிறது. தூண்டி இல்லாமலும் புரோமோட்டர் சிறிதளவு வேலை செய்யும், ஆனால் ஒற்றைத் துகளாக வந்த வைரஸுக்கு அந்தச் சிறிதளவு போதாது.

கருவிழி எழுதியது:

இழையைத் திசை திருப்ப எண்ணமில்லை, ஆனால் எச்.ஐ.வி.யை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அதன் மரபணுத்தொகுதியின் முனைத் தொடரில் உள்ள எல்.டி.ஆர். புரோமோட்டரில் டாட்டா பெட்டி, அதற்கு மேலே மூன்று எஸ்பி1 இடங்கள், அவற்றுக்கும் மேலே என்.எஃப்.-கப்பா-பி என்ற தூண்டிப் புரதம் பிணையும் இடங்கள் என எல்லாம் இருக்கின்றன. பி வகையில் கப்பா-பி இடங்கள் பொதுவாக இரண்டு. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெரும்பான்மையாக உள்ள சி வகையில் பொதுவாக மூன்று. டி-செல் தூண்டப்படும்போது என்.எஃப்.-கப்பா-பி உட்கருவுக்குள் வந்து அங்கே அமரும். ஆனால் இவையெல்லாம் சேர்ந்து பாலிமரேஸைத் தொடங்க வைத்தும், அது சிறிது தூரம் போய் நின்றுவிடுகிறது. சுமார் 60 நியூக்ளியோடைடு நீளமுள்ள குட்டை ஆர்.என்.ஏ.க்களே மிகுதி. வைரஸின் டாட் புரதம் வந்து, டி.என்.ஏ.வை அன்று, அப்போதுதான் உருவான ஆர்.என்.ஏ.வின் டார் வளைவைப் பிடித்து, சைக்ளின் டி1 (T1), சி.டி.கே.9 என்ற செல் புரத இணையை அழைத்து வந்து பாலிமரேஸை விடுவித்த பின்னரே முழு நீளப் படி கிடைக்கிறது. லூசிஃபெரேஸ் ஒளியை மட்டும் பார்த்துவிட்டுத் ‘தொடங்கவில்லை’ என்று முடிவு கட்டினால், தொடங்கி நின்றதைத் தவறவிட்டுவிடுவோம்.

நுண்குழல் எழுதியது:

கருவிழி சொல்வது நியாயம், எச்.ஐ.வி. புரோமோட்டரில் லூசிஃபெரேஸ் மட்டும் போதாது. ஈரிழையின் எஸ்.வி.40 சோதனைக்கு அது அவ்வளவு தேவைப்படாது.

ஈரிழை, நீங்கள் அடுத்து செய்ய வேண்டியது செல்லை மாற்றுவது. டிரோசோஃபிலா என்ற பழ ஈயின் எஸ்.எல்.2 செல்களில் எஸ்பி1 செயல்பாடு இல்லை. கோரியும் ஜியானும் 1988இல் எஸ்பி1இன் தூண்டும் பகுதிகளைக் கண்டுபிடித்தது இந்தச் செல்களை வைத்துத்தான். அங்கே போட்டிக்கு வேறு எஸ்பி1 இல்லாததால், நீங்கள் கொடுப்பதன் பலன் மட்டும் தெரியும். 25 பாகையில், கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாமலேயே வளரும். எஸ்பி1ஐ வெளிப்படுத்தும் பிளாஸ்மிடில் பூச்சியின் ஆக்டின் 5சி புரோமோட்டரை வையுங்கள்; பாலூட்டிச் செல்களுக்கான புரோமோட்டரோடு எடுத்துப்போனால் புரதமே வராமல் போகலாம். ரிப்போர்ட்டரில் (லூசிஃபெரேஸ் உள்ள பிளாஸ்மிடில்) ஜி.சி. பெட்டிகளும் டாட்டா பெட்டியும் இருந்தால் போதும்.

முழு எஸ்பி1, விரல்கள் மட்டும் உள்ள துண்டு, விரல்கள் நீக்கிய எஸ்பி1 என மூன்றையும் தனித்தனியாகவும், பின் முழு எஸ்பி1உடன் மற்ற ஒவ்வொன்றையும் சேர்த்தும் கொடுங்கள். விரல் துண்டு இங்கும் தனியாக எதுவும் செய்யாது, முழுப் புரதத்தின் பலனைக் குறைக்கும். விரல்கள் நீக்கியதும் தனியாக எதுவும் செய்யாது. ஆனால் முழு எஸ்பி1உடன் சேர்த்தால் ஒளி கூட வேண்டும். டி.என்.ஏ.வைத் தொடவே முடியாத புரதம், டி.என்.ஏ.வில் அமர்ந்திருக்கும் எஸ்பி1மீது தொற்றிக்கொண்டு தூண்டுவதை 1989இல் அதே குழுவினர் இப்படித்தான் காட்டினார்கள். மூன்று புரதங்களும் சம அளவில் வெளிப்படுகின்றனவா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனையில்) பார்த்துவிட்டு ஒளியைக் கணக்கிடுங்கள். விரல் துண்டு சிறியது என்பதால் ஜெல்லின் செறிவை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.